மூலையில் கிடந்த கணினியும் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையும்

"பாப்பா, அம்மாவுக்கு எங்ககூடப் பேசவே பிடிக்கலையா?"

கடந்த தீபாவளிக்குச் சில நாள் முன்பு மெல்பர்னில் இருக்கும் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால், அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கைப்பேசியில் காணொளி அழைப்பு வரும். அம்மா எடுப்பார். "சாப்டியாப்பா? பிள்ளை சாப்டுச்சா? எல்லாம் நல்லா இருக்கீங்களா? சரிப்பா, வச்சிடறேன்." மூன்று நிமிடம் தாண்டாது. அந்த மூன்று நிமிடத்திலும் அண்ணன் பார்ப்பது அம்மாவின் நெற்றியையும் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியையும்தான்.

என் வேலை பேசுவது. காலை வானொலி நிகழ்ச்சியில் முகம் தெரியாத நேயர்களோடு தினமும் மணிக்கணக்கில் பேசுகிறேன். சொந்த வீட்டில் ஓர் அம்மாவும் மகனும் மூன்று நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை என்பதை மட்டும் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

தீபாவளிக்குத் தைப்பிங் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு காலை அழைப்பு வந்தபோது அம்மாவின் அருகில்தான் இருந்தேன். திரையில் அண்ணன் மகள். ஏழு வயது. குதித்துக்கொண்டே, "பாட்டி, பாட்டி, என் பல்லு விழுந்திருச்சு!" என்றாள்.

அம்மா சிரித்தபடி சொன்னார்: "ஆமாம்மா, சாப்பிட்டேன். நீ சாப்டியா?"

பிள்ளையின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள்.

அம்மாவுக்குப் பேசப் பிடிக்காமல் இல்லை. அம்மாவுக்குக் கேட்கவில்லை.

அன்று மாலை மெதுவாகக் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, "எத்தன தடவதான் என்னா என்னான்னு கேக்கறது? பிள்ளைக்குச் சலிச்சுப் போகும்லா. போன் எடுத்தா சாப்டீங்களான்னுதான் கேப்பாங்கன்னு நானே ஒரு பதில் சொல்லிடுவேன்" என்றார்.

இந்தக் கட்டுரை ஒரு பழைய கணினியைப் பற்றியது. ஆனால், அது தொடங்கியது இந்தப் பதிலில்தான்.

துணி போர்த்திய பெட்டி

எங்கள் வீட்டு ஹாலின் மூலையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. 2013-இல் அண்ணன் மெல்பர்னுக்குப் படிக்கப் போனபோது அப்பா வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு ஸ்கைப் அழைப்பு. அப்பா அதற்காகவே சட்டை மாற்றி, தலை வாரி, 9.45-க்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அம்மா பின்னால் நின்று பேசுவார். அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் போகும்.

2018-இல் அப்பா தவறினார். கணினியின் மேல் அம்மா ஒரு துணியைப் போர்த்தினார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அம்மாவுக்கு ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்தோம். அதன்பின் எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான்.

"கணினியைக் கொடுத்திடலாமா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அம்மா வேண்டாம் என்பார். இந்த முறை துணியை எடுத்தேன். 19 அங்குலத் திரை. கண் உயரத்தில் நிற்கிறது. கைப்பேசியைப் போல் கையில் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதையே மறுபடி ஓட வைத்தால் என்ன?

விசையை அழுத்தினேன். ஓடியது. ஆனால், திரையின் மூலையில் தேதி 2012 என்று காட்டியது. இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்ற எச்சரிக்கை. கணினியே கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். காரணம் மிகச் சிறியது. கணினிக்குள் ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அதன் எண் சிஆர்2032. மின்சாரம் இல்லாதபோது நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. கணினியின் தேதி தவறானால் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். சில ரிங்கிட் பேட்டரி, ஐந்து நிமிட வேலை.

பக்கப் பலகையைக் கழற்றினேன். தூசிப் படலம், இரண்டு பல்லி முட்டை ஓடுகள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மென்மையான தூரிகையால் துடைத்தேன். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். ஈரப்பதம் எதையும் விடாது. ரேம் அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து மறுபடி பொருத்தினேன். அதுவரை இடையிடையே உறைந்துகொண்டிருந்த கணினி அமைதியானது.

முதலில் படங்கள்

பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்று உட்கார்ந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அப்பா படமெல்லாம் அதுக்குள்ளதானம்மா இருக்கு?"

இத்தனை ஆண்டுகளாகக் கணினியைக் கொடுக்க மறுத்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அண்ணன் பட்டமளிப்பு விழாப் படங்கள் இருந்தன. ஸ்கைப் திரையை அப்பா கேமராவால் எடுத்து வைத்த படங்களும் இருந்தன. அவசரப்பட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவே இல்லை. படங்களை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, என் மடிக்கணினியில் திறந்து சரிபார்த்தேன். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு, அப்பாவின் மேசை டிராயரில் வைத்தேன். அது இருந்த இடத்தில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன். பழைய கணினியை வேகமாக்க இதைவிடப் பலன் தரும் செலவு இல்லை. சுழலும் தட்டு இல்லாததால் தரவு உடனே வரும். நான்கு நிமிடம் எடுத்துத் தயாரான பெட்டி இப்போது அரை நிமிடத்தில் தயாராகிறது. 4 ஜிபி ரேமோடு இன்னொரு பழைய 4 ஜிபி சேர்த்தேன்.

ஊரில் ஒரு கணினிக் கடைக்காரர் பெட்டியின் படத்தைப் பார்த்ததுமே, "இது முடிஞ்ச கதை, புதுசு வாங்குங்க" என்றார். அவர் காட்டிய மடிக்கணினியின் விலை 1,500 ரிங்கிட்டுக்கு மேல். எனக்கு எல்லாம் சேர்த்து ஆன செலவு 340 ரிங்கிட்.

விண்டோஸ் 7-இன் கதை

ஆனால், கடைக்காரர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. பழைய கணினியில் பழைய விண்டோஸை அப்படியே வைத்து இணையத்தில் இறங்கக்கூடாது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றுவிட்டது. கூகள் குரோம் 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பிலிருந்து அதில் ஓடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் 2013-இல் வாங்கிய பெட்டியில் இருக்காது. அப்பாவுக்குப் பழக்கமான ஸ்கைப்பும் 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட். இலவசம். பழைய விண்டோஸ் பழகியவர்களுக்கு அதன் முகப்பு அந்நியமாகத் தெரியாது. இதில் ஒரு வசதி: யூஎஸ்பி தம்ப் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். கேமரா தெரிகிறதா, ஒலிவாங்கி வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்துத் திருப்தியானால் நிறுவலாம்.

அம்மாவிடம் லினக்ஸ் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

கேமராவுக்கு முன்னால் காது

ஊடகத் துறைப் பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே விரிவுரையாளர் ஒன்றைச் சொல்லித் தந்தார்: படம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கெட்டால் போய்விடுவார்கள். வீட்டுக் காணொளி அழைப்பு என்றதும் எல்லாரும் கேமராவைத்தான் யோசிக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது காதை.

வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது மேல் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில், பலமாக இருக்கும். ச, ட, ப போன்ற மெய்யொலிகளோ மெல்லியவை. ஆனால், 'பல்' வேறு, 'கல்' வேறு என்று பிரித்துக் காட்டுவது அந்த மெய்தான். அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றன்னு வெளங்கல" என்கிறார்கள். பிள்ளைகளின் குரல் இயல்பிலேயே உயர்ந்த சுருதி. அதிலும் வேகமாகப் பேசுவார்கள். தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையின் குரல்தான் கடினமான குரல்.

இதோடு எங்கள் ஹாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடு பதித்த தரை, வெறும் சிமெண்டுச் சுவர், தலைக்கு மேல் மின்விசிறி. நிலையத்து ஒலிப்பதிவு அறையில் சுவரெல்லாம் பஞ்சு வைத்திருப்போம். இங்கே ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. தரையில் ஒரு பாய் விரித்தேன். சன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டேன். மேசையை மின்விசிறிக்கு நேர் கீழிருந்து நகர்த்தினேன்.

முதலில் ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தேன். அண்ணன் பேசுவது அதில் வந்து, ஒலிவாங்கிக்குள் நுழைந்து, அவருக்கே எதிரொலியாகப் போனது. மென்பொருள் எதிரொலியை அடக்கப் பார்க்கும். ஆனால், இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு பக்கத்துக் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். நம் குடும்பங்களில் எப்போது ஒருவர் பேசி முடித்தபின் இன்னொருவர் பேசியிருக்கிறார்?

எனவே ஹெட்செட். பழைய கணினியில் காதுக்கு ஒரு துளை, ஒலிவாங்கிக்கு ஒரு துளை என்று தனித்தனியாக இருக்கும். கைப்பேசியின் ஒற்றை முனை ஹெட்செட்டை அதில் செருகினால் கேட்கலாம், பேச முடியாது. யூஎஸ்பி ஹெட்செட் வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை. புளூடூத் வேண்டாம், ஒலிவாங்கி இயங்கும்போது பல கருவிகளில் ஒலியின் தரம் இறங்கிவிடும், மின்னேற்றவும் மறந்துபோகும். காதை முழுதாக மூடும் மெத்தை வைத்த வகை நல்லது. ஒலிவாங்கி வாய்க்கு அருகில் நிற்பதால் மின்விசிறிச் சத்தமும் பின்னுக்குப் போய்விடும்.

அம்மா அதைப் பார்த்ததும், "நான் என்ன விமானமா ஓட்டப் போறேன்?" என்றார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி மாட்டிவிட்டேன். நான் சமையலறைக்குப் போய், கைப்பேசியிலிருந்து அழைத்து, மெதுவான குரலில், "அம்மா, அடுப்புல பால் பொங்குது" என்றேன்.

"ஐயோ!" என்று எழுந்து ஓடி வந்தார். ஹெட்செட் கம்பியும் கூடவே வந்தது.

அடுப்பில் பால் இல்லை. இருவரும் சிரித்தோம். பிறகு அம்மா கேட்டார்: "உன் நிகழ்ச்சிகூட ரேடியோவுல இவ்ளோ தெளிவாத்தான் வருமா?" ஐந்து ஆண்டுகளாக என் நிகழ்ச்சியைத் தினமும் கேட்பவர் அவர். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹெட்செட் மருத்துவம் அல்ல. அதே வாரம் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். செவிப்புலன் சோதனைக்கு மருத்துவமனைக்குக் கடிதம் தந்தார்கள். முறையாகக் காதுக்கருவி பொருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது தொலைபேசியைச் சீக்கிரம் வைத்தால், தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னால், கோபிக்காதீர்கள். காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வெளிச்சம், கம்பி, ஒரே ஒரு படம்

காது குறைந்தவர்கள் உதட்டைப் பார்த்தும் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் அண்ணனிடமும் சொன்னேன்: சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் கறுத்துவிடும். வெளிச்சம் முகத்தில் விழட்டும். கேமராவைப் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். அம்மாவின் மேசையையும் சன்னலைப் பார்த்துத் திருப்பினேன்.

இணையத்துக்கு மோடத்திலிருந்து 10 மீட்டர் கம்பி இழுத்தேன். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபை இல்லை. இருந்தாலும் கம்பிதான் நம்பகம். வேகத்துக்கு அஞ்ச வேண்டாம். இருவர் பேசும் அழைப்புக்கு வினாடிக்கு 1.2 மெகாபிட் இருந்தால் தெளிவான எச்டி படம் வரும் என்று ஸூம் நிறுவனமே சொல்கிறது. வேகத்தைவிட, இணைப்பு அறுபடாமல் இருப்பதே முக்கியம்.

அழைப்புக்கு கூகள் மீட். எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓடும். அண்ணன் தன் கணக்கிலிருந்து ஒரு நிலையான சந்திப்பு இணைப்பை உருவாக்கினார். அதைத் திறக்கும் குறும்படம் ஒன்றைத் திரையின் நடுவில் பெரிதாக வைத்து, பேத்தியின் முகத்தை அதற்குப் படமாகப் போட்டேன். கேமராவுக்கும் ஒலிவாங்கிக்கும் ஒருமுறை அனுமதி கொடுத்து வைத்தாகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் திரையிலிருந்து நீக்கினேன். அம்மா செய்ய வேண்டியது: கணினியைப் போடுவது, ஹெட்செட் மாட்டுவது, பேத்தியின் முகத்தைத் தட்டுவது, சேரும் பொத்தானை அழுத்துவது.

நீங்களும் தொடங்குவதற்கு முன்

• படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்து, திறந்து பார்த்த பிறகே பழைய வட்டில் கை வையுங்கள்.

• தேதி தவறினால் முதலில் பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள்.

• பணத்தை எஸ்எஸ்டிக்கும் ஹெட்செட்டுக்கும் செலவிடுங்கள். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை.

• மூவரோ அதற்கு மேலோ சேரும் அழைப்பை கூகள் மீட் இலவசக் கணக்கில் 60 நிமிடத்தில் நிறுத்தும். ஸூம் 40 நிமிடத்தில். மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

• மெல்பர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வரும். நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி ஒரு பாதி ஆண்டு இரண்டு மணி, மறு பாதி மூன்று மணி. காலண்டரில் குறித்துவையுங்கள்.

• இடி இடித்தால் கணினி, மோடம் இரண்டின் மின்கம்பியையும் பிடுங்கச் சொல்லுங்கள்.

• "உங்கள் கணினியைச் சரிசெய்கிறோம்" என்று யார் அழைத்தாலும் வைத்துவிடும்படி பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பணம் பறிபோனால் உடனே 997-க்கு அழைக்கலாம்.

• படிகளைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பும் முன், பெரியவர்கள் தனியாக மூன்று முறை செய்து காட்டட்டும்.

ஞாயிறு 10 மணி

சனிக்கிழமை இரவு கோலாலம்பூர் திரும்பிவிட்டேன். ஞாயிறு காலை நானும் அண்ணனும் இணைப்பில் காத்திருந்தோம். 10 மணி ஆயிற்று. 10.04. "நான் போன் பண்ணவா?" என்றார் அண்ணன். "கொஞ்சம் பொறுங்க அண்ணா" என்றேன்.

10.07-க்கு அம்மா திரையில் வந்தார். நல்ல சேலை, பூ, தலையில் ஹெட்செட். நெற்றி மட்டும் அல்ல, முழு முகம்.

அண்ணன் மகள் ஓடி வந்தாள். "பாட்டி!" என்று வாயைத் திறந்தாள்.

"ஐயோ, பல்லு எங்கடி?"

"அன்னிக்கே சொன்னேன் பாட்டி! நீங்க சாப்பிட்டேன்னு சொன்னீங்க!"

அம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாட்டிக்கு அன்னிக்குக் காது கேக்கலம்மா" என்றார். அதை அவர் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. அண்ணன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பல்லை என்ன பண்ணே? கூரை மேல போட்டியா?"

"கூரை மேலயா? எதுக்குப் பாட்டி?"

அதன்பின் அம்மா சொல்லத் தொடங்கினார். தன் பால்பல்லைத் தோட்டத்து லயத்துக் கூரையில் எறிந்தது, அது உருண்டு பக்கத்து வீட்டுத் தாத்தா தலையில் விழுந்தது... எனக்கே தெரியாத கதை. பிள்ளை கேள்வி கேட்டாள். பாட்டி பதில் சொன்னார். நானும் அண்ணனும் குறுக்கே பேசவில்லை.

கதைக்கு நடுவில் 60 நிமிடம் முடிந்து அழைப்பு நின்றது. அம்மா பயந்திருப்பாரே என்று கைப்பேசியை எடுத்தேன். எண்ணைத் தேடுவதற்குள் என் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது.

அம்மா தானாகவே பேத்தியின் முகத்தைத் தட்டி, மறுபடி உள்ளே வந்திருந்தார்.